முருகர் காசு

என் மாமியாருக்கு மெதுவாகப் பேச வராது. பிறவியிலேயே அந்த உறுப்பை வைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். ரகசியம் என்ற சொல்லைக்கூட அத்தை எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியில் அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். இரண்டு பேர் காதோடு காதாகப் பேசுவதைக் கண்டால் போச்சு, நடுவில் போய் நின்றுகொண்டு, "இன்னா, எங்களுக்கெல்லாம் சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிடுவார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வீடு அடங்கிக் கிடக்கிறது. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சத்தம் போடுகிறவர் என்றதும் சண்டைக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். சண்டையும் போடுவார், அது தனிக் கதை. நாலு பேர் நடுவில் சொல்ல முடியாத வார்த்தை என்றால் அந்த வார்த்தையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவர் எண்ணம். பாராட்டினாலும் வாசலில்தான், திட்டினாலும் வாசலில்தான். காலையில் நான் கம்பெனி பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பார். "ரெண்டு முட்டை வெச்சிகிறேன். அவனுக்குத் தூக்கிக் குடுத்துடாத, ரெண்டும் நீயே துன்னு. எலும்பும் தோலுமா கீற!" அந்த அவன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அவர் பெற்ற மகன். பஸ்ஸே சிரிக்கும். ஷிஃப்ட் முடிகிறவரை லைனில் ஆளாளுக்கு, முட்டை சாப்பிட்டாச்சா என்று கேட்டு உயிரை எடுப்பார்கள்.

நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாத வேதக்காரக் குடும்பம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒவ்வொரு பாகமாக வைத்து, கீறலோ பிசிறோ இருந்தால் ஒதுக்க வேண்டும். அத்தையின் மகனும் அதே லைன். பஸ்ஸில் ஆரம்பித்த பழக்கம் ரிஜிஸ்டர் ஆபீஸில் வந்து நின்றது. எங்கள் வீட்டில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அத்தை என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து எங்கள் மாதா கோயில் வாசலில் போய் நின்றிருக்கிறார். அப்பாவைக் கண்டதும், "ஏங்க, உங்க பொண்ணு எங்க வூட்லதான் கீது. ஓடியும் போவல, ஒளியவும் இல்ல. கையெழுத்துப் போட்டு மொறையா கட்டிக்கினுதான் வந்துகீது. ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போங்க!" என்றாராம். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது என்பார் அப்பா. ஆனால் ஒன்று, அதற்குப் பிறகு ஊரில் எங்களைப் பற்றிக் கிசுகிசு பேச யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் அத்தையே பேசித் தீர்த்துவிட்டார்.

நிலத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்த பிறகு அத்தை கொஞ்ச காலம் ஒரு கேன்டீனில் காண்ட்ராக்டில் வேலை பார்த்தார். ஒருநாள் சாம்பார் ஊசிப்போயிற்று. இன்னொரு கொதி விட்டு ஊற்றிவிடு, யாருக்கும் தெரியாது என்று காண்ட்ராக்டர் அவர் காதில் சொல்லியிருக்கிறார். போயும் போயும் அவர் காதில்! அத்தை கரண்டியோடு ஹாலின் நடுவில் போய் நின்று, "இன்னிக்கி சாம்பார் ஊசிப்போச்சி. ஓனரு காய்ச்சி ஊத்தச் சொல்றாரு. ரசம் நல்லாகீது, ரசம் ஊத்திக்கோங்க" என்று அறிவித்துவிட்டார். மறுநாளிலிருந்து வேலை இல்லை. கொஞ்சமும் கவலைப்படாமல் கறி வாங்கி வந்து குழம்பு வைத்தார்.

இப்படிப்பட்டவரின் கழுத்தில் கிடந்ததுதான் முருகர் காசு.

ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தங்கக் காசு. அவர் மாமனாரின் தாத்தா ஏரியில் வண்டல் அள்ளும்போது மண்வெட்டியில் பட்டது என்பார்கள். வல்லக்கோட்டை முருகர் முதல் நாளே கனவில் வந்து இடத்தைக் காட்டினாராம். காசில் நேராக நம்மைப் பார்க்கிற ஒரு முகம். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் வேல். தலைக்கு மேல் மயில் தோகை. மார்புக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு தட்டு, அதில் சின்னதாக வாகனத்தின் மேல் ஏறிய உருவம். முருகரேதான், சந்தேகமா? தலைக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். பிற்பாடு யாரோ அதைச் சுற்றித் தங்கத்தில் சட்டம் கட்டி, பின்பக்கத்தைத் தகடு வைத்து அடைத்து, ஆடாமல் இருக்க உள்ளே அரக்கு ஊற்றியிருந்தார்கள். ஆகவே முருகரின் முதுகை உயிரோடு இருக்கும் யாரும் பார்த்ததில்லை.

குழந்தைக்குப் பயந்த காய்ச்சல் என்றால் அக்கம்பக்கத்தில் அத்தையைத் தேடித்தான் வருவார்கள். காசைத் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரை ஒரு வாய் கொடுப்பார். எந்த வீட்டுக் குழந்தை, எந்தச் சாதி என்றெல்லாம் கேட்க மாட்டார். எங்கள் அம்மா வீட்டுத் தெருவிலிருந்து ஒரு வேதக்காரப் பெண்கூட வந்து வாங்கிப் போயிருக்கிறாள், எங்கள் கோயில் பங்குச் சாமியாருக்குத் தெரியாமல்.

வீட்டின் மருமகளுக்கு முதல் பிள்ளை பிறந்து காது குத்தும்போது காசு அந்தப் பிள்ளையின் கழுத்துக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எனக்குப் பெண் பிறந்தது. வல்லக்கோட்டையில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று முடிவாயிற்று. சட்டத்தின் வளையம் தேய்ந்து நூல் மாதிரி இருந்ததால், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பழக்கமான பத்தரிடம் கொடுத்தோம். வேலை முடிந்ததும் வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். ரோஸ் காகிதத்தில் மடித்ததை மடித்தபடியே தன் அம்மாவிடம் கொடுத்தார். பின்னாடி ஏதோ உருவம் இருக்கிறது, அழகாக இருப்பதால் மூடாமல் விட்டிருக்கிறேன் என்று பத்தர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மகராசன் அதைச் சொல்ல மறந்துவிட்டார். ஷிஃப்ட் மாறின களைப்பாம்.

கோயில் மண்டபத்தில் என் தம்பி மடியில் பாப்பா. ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுவிட்டுத் தாய்மாமனாக வந்து உட்கார்ந்திருந்தான் பாவம். அத்தை காகிதத்தை அங்கேதான் பிரித்து, திருப்பிக்கூடப் பார்க்காமல் கருப்புக் கயிற்றில் காசைக் கோத்துக் கட்டினார். காது குத்தினதும் பாப்பா வீறிட்டாள், கைக்குக் கிடைத்த காசை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, விரலை விட்டு அதை இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? பின்னாடி ஒரு பொம்பள கீறா! றெக்க வெச்சிகினு, கையில சிலுவையோட!"

எல்லோரும் குனிந்தார்கள். நானும் பார்த்தேன். நீளமான அங்கி, முதுகில் இறக்கை, ஆள் உயரத்துக்குச் சிலுவை. எங்கள் கோயில் கண்ணாடி ஜன்னலில் இருக்கிற தேவதூதர், நாங்கள் சம்மனசு என்போமே, அது மாதிரியே இருந்தது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அத்தை காசைத் திருப்பினார். முருகர் இருந்தார். மறுபடி திருப்பினார். சிலுவை. என்னைப் பார்த்தார். பிறகு, வேண்டுதலுக்கு வந்த கூட்டம், சொந்தபந்தம், மொட்டையடிக்கிறவர், பூக்காரி எல்லோருக்கும் கேட்க அந்தக் குரல் எழும்பியது.

"எங்க முருகர் முதுகுல சிலுவையக் குத்திக்கினு வந்துட்டாளே இவ! உங்க ஊரு பத்தர்கிட்ட குடுக்கலாம்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும்!"

"அம்மா, பத்தர் என்னவோ சொன்னாரு..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர்.

"நீ பொண்டாட்டி வாயப் பாத்துப் பேசறவன், சும்மா கெட."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அத்தை, நல்லா பாருங்க. ஓட்டை மேல இருக்கிற மாதிரி புடிச்சா அந்தப் பொம்பளை தலைகீழா தொங்குது. நானே குத்தியிருந்தா எங்க சம்மனசைத் தலைகீழா குத்துவேனா?"

"பத்தன் தப்பாப் புட்சிக்கினு குத்திருப்பான்!"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவும் அப்பாவும் ஓரமாக நின்றிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் முகம் இருந்த இருப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது. காசைக் கழற்றி அத்தை கையில் வைத்துவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். "நான் அம்மா வீட்டுக்குப் போறேன். நான் செய்யலைன்னு இதே எடத்துல, இதே ஜனங்க முன்னாடி நீங்க சொல்லணும். சொல்ற வரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றேன். அந்தக் கூட்டத்தில் முதல்முறையாக நானும் அத்தை அளவுக்குக் கத்தினேன்.

அத்தையும் விடவில்லை. "செரி. நான் சொன்னது பொய்யின்னா இங்கயே வந்து சொல்றேன். நெசம்னா நீ சொல்லணும்."

"சொல்றேன்."

வேறு மாமியாராக இருந்தால் அத்தோடு ஊரெல்லாம் என்னைத் தூற்றிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். என் அடுத்த வார லீவு நாளன்று காலையில், எங்கள் அம்மா வீட்டு வாசலில் அந்தக் குரல் கேட்டது. "ஏ பொண்ணு! கெளம்பு. பத்தன் கடைக்குப் போவணும்." பக்கத்து வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. உள்ளே வரச் சொன்னதற்கு, விஷயம் முடியாமல் உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றார். பாப்பாவை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். கடைத்தெரு வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் ஏறியிருந்தது. ஒரு கடையில் நின்று எனக்கு மட்டும் மோர் வாங்கிக் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

பத்தர் கடை வாசலிலேயே அத்தை ஆரம்பித்துவிட்டார். "எங்க முருகர் முதுகுல கைய வெச்சது நீதானா?"

பத்தருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காசை வாங்கி, அத்தையின் கட்டைவிரலைப் பிடித்து அதன் மேல் வைத்துத் தேய்த்தார். "தடவிப் பாரும்மா. குத்தினா பள்ளமா இருக்கும். இது மேடா கீது. இருக்கிற காசு மேல சதை வளக்கற வித்தை எனக்குத் தெரியாது."

"அப்ப காசையே மாத்திட்டியா?"

"அடக் கடவுளே!" பத்தர் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போய் ஒரு பழைய பால்பவுடர் டின்னைக் கொண்டுவந்து கவிழ்த்தார். பட்டறைக் குப்பை. சுரண்டின அரக்கில் தங்கத்தூள் ஒட்டியிருக்கும் என்பதால் எதையும் எறிய மாட்டார்கள், சேர்த்து வைத்து, அரித்துத் தங்கம் எடுப்பவரிடம் கொடுப்பார்கள். அதில் கிளறிக் கறுப்பாக ஒரு வில்லையை எடுத்தார். உங்கள் காசின் பின்னாலிருந்து பெயர்த்த அரக்கு இது, இந்த மாதிரி காய்ச்சுவதை எங்கள் அப்பா காலத்திலேயே விட்டாயிற்று என்றார்.

அதை நான்தான் கையில் வாங்கினேன். பார்ப்பதுதானே என் பிழைப்பு. வில்லையின் ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கத்தில் குழியாக, இடவலம் மாறி, இறக்கையும் சிலுவையும் பதிந்திருந்தன. விளிம்பில் இரண்டு சின்ன மொட்டுகள். ஓட்டைக்குள் இறங்கிய அரக்கு அது. காசை மேலே வைத்து மெதுவாகத் திருப்பினேன். மொட்டுகள் ஓட்டைக்குள் போயின. காசு அப்படியே உட்கார்ந்துகொண்டது.

"பாருங்க அத்தை" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "சட்டம் கட்டின அன்னைக்கே இவ இங்க இருந்திருக்கா."

அத்தை வில்லையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். காசை எடுப்பார், வைப்பார், எடுப்பார். பிறகு, "நீ செய்யல" என்றார், கடைத்தெரு கேட்க.

"அப்ப வாங்க, கோயில்ல வந்து சொல்லுங்க."

"இரு." காசைத் திருப்பி முருகரைப் பார்த்தார். "இவ அம்மாம் பழசுன்னா, முன்னாடி கீறது யாரு?"

இறக்கைக்காரியின் பக்கத்து ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் தேய்ந்து தெரிந்தன. விக்டோரியா என்று நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ராணி தலை போட்ட வெள்ளைக்காரன் சவரனாக இருக்கும் என்றார் பத்தர். ராணிக்கு எதற்கு வேலும் தோகையும் என்று அத்தை ஒரே கேள்வியில் அவரை உட்கார வைத்துவிட்டார். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதற்கு மேல் யாராக இருந்தால் எனக்கென்ன? சொன்னேன். கேட்டால்தானே! "பாதி தெரிஞ்சிக்கினு போய் நாலு பேர் முன்னாடி எப்டி நிக்கறது? எவனாச்சும் எதிர்க் கேள்வி கேட்டா?"

என் வீட்டுக்காரர் செய்த உருப்படியான காரியம், காசைப் படம் எடுத்து போனில் யார் யாரிடமோ அனுப்பி விசாரித்தது. தாம்பரத்தில் ஒரு அம்மா இருக்கிறார், பழைய காசுகளைப் பற்றி காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. அடுத்த லீவுக்கு அங்கே போனோம். பஸ்ஸில் அத்தை எனக்கு ஜன்னல் சீட்டை விட்டார்.

காசு டீச்சர் மென்மையான மனுஷி. நான் வேலையில் பிடிக்கிற மாதிரியே கண்ணாடியைப் பிடித்தார், விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ரோம ராஜ்ஜியத்தின் கடைசிக் காலத்துக் காசு, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், வியாபாரத்தில் கடல் வழியாக இந்தப் பக்கம் வந்திருக்கும் என்றார்.

அத்தை தரையில் உட்கார்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வேலு கீதே?"

"ஈட்டிங்க. ராஜா தோள்மேல சாய்ச்சுப் பிடிச்சிருக்கார்."

"மயில் தோகை?"

"அது இரும்புத் தொப்பி. போருக்குப் போறப்போ போடுவாங்களே. அதுக்கு மேல வெச்ச குஞ்சம்."

"இங்க, மயிலு மேல குந்திகினு கீறாரே, குட்டியா?"

"அது கேடயம். அதுல குதிரை மேல ஒரு வீரன், எதிரியைக் குத்தற மாதிரி."

அத்தை காசின் ஓரத்தை நகத்தால் தடவினார். "ராஜா பேரு இன்னா?"

"பேரு இருந்த இடம்தான் தேஞ்சிருக்கு. மிச்சத்துல ஓட்டை போட்டிருக்காங்க. அந்த ஓட்டை நம்ம ஊர்ல போட்டதும்மா. யாரோ கழுத்துல போட்டுக்க ஆசைப்பட்டிருக்காங்க. ராஜா முகம் நிமிர்ந்து நிக்கணும்னு பார்த்து அவர் தலைக்கு மேல குத்தியிருக்காங்க. அந்தக் காலத்துல முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணுக்கொண்ணு தலைகீழாத்தான் அடிப்பாங்க. அதனாலதான் இந்தப் பொண்ணு தொங்கறா."

"இவ யாரு? இவங்க சம்மனசா?" என்று என்னைக் காட்டினார்.

"இல்லை. வெற்றிக்கு அவங்க கும்பிட்ட ஒரு தேவதை. சுத்தி எழுதியிருக்கிறதும் ராணி பேரு இல்லை, வெற்றிங்கிற வார்த்தை. முன்னாடியெல்லாம் இவ கையில மாலை இருக்கும். ராஜாக்கள் கிறிஸ்தவங்க ஆனதும் இவளை அனுப்ப மனசு வரலை, கையில சிலுவையைக் குடுத்து வெச்சுக்கிட்டாங்க."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் இல்லாம போச்சி" என்றார்.

ரொம்ப அபூர்வமான காசு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் வாசல்வரை வந்து சொன்னார். அத்தை தலையாட்டினார். போகும்போது அத்தை கழுத்தில் இருந்த காசு வரும்போது கைக்குள் இருந்தது. படப்பை தாண்டுகிறவரை கையைத் திறக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டபோதுகூட இடது கையால்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு எடுத்துக் கொடுத்தார்.

"எம் புருசன் ஆஸ்பத்திரில கெடந்தப்போ இத்தத்தான் புட்சிக்கினு குந்திகினு இருந்தேன்" என்றார் திடீரென்று. "ராத்திரில்லாம் பேசுவேன், இதுங்கிட்ட."

என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அவ்வளவு பாவமாக இருந்தது. "அத்தை, அரக்கை மட்டும் காட்டுங்க. பின்னாடி இருக்கிற உருவம் பழசு, நான் குத்தலைன்னு சொல்லுங்க, எனக்கு அது போதும். முருகர் இல்லைங்கிறதைச் சொல்லாதீங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

"முருகர் முதுகுல சிலுவை எப்டி வந்துச்சின்னு கேப்பாங்களே, அப்ப?"

"தெரியாதுன்னு சொல்லிடுங்க."

"தெரியுமே!" என்றார். பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கிருத்திகையன்று வல்லக்கோட்டையில் பொங்கல் வைக்கிறேன், வந்துவிடுங்கள் என்று அத்தை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஆள்விட்டுச் சொன்னார். மருமகள் வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. என் மாமனாரின் அண்ணன், குடும்பத்துக்கே பெரியவர், துண்டை விரித்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா, அப்பா, தம்பி மூவரையும் அத்தை கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பொங்கல் பானை பொங்கி இறங்கியதும் நடுவில் போய் நின்றார்.

"அன்னிக்கி இதே எடத்துல, இவ முருகர் முதுகுல சிலுவை குத்திக்கினு வந்துட்டான்னு சொன்னேன். நான் சொன்னது பொய். இவ குத்தல. பத்தனும் குத்தல. இந்தா பாருங்க, பழைய அரக்கு. அந்தப் பொம்பள மொதல்லருந்தே அங்கதான் கீறா." வில்லையை நாத்தனார் கையில் வைத்தார். என் அப்பா பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லீங்க. வாய் என்துதான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். போதும் அத்தை, இத்தோடு நிறுத்திவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

நாத்தனார் வில்லையைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அது செரிம்மா. மொதல்லருந்தே இருந்துச்சின்னா, முருகர் முதுகுல சிலுவை எப்டிம்மா வந்துச்சி?"

அத்தை சுற்றிலும் பார்த்தார். பூக்காரி கூடையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். காசுத் தண்ணீர் வாங்கிப் போன பெண்கள் இரண்டொருவரும் அங்கே இருந்தார்கள்.

"அது முருகர் இல்லடி. ரோமாபுரி ராஜா. வேல் இல்ல, ஈட்டி. தோகை இல்ல, குஞ்சம். மயிலும் இல்ல, அது கேடயத்துல போட்ட குதிர. தாம்பரத்துல படிச்சவங்களாண்ட காட்டிக் கேட்டுக்கினுதான் வந்துகிறேன்."

"வாய மூடும்மா!" பெரிய மாமனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கோயிலாண்ட நின்னுகினு இன்னா பேச்சு பேசற?"

"இங்கதான மாமா இவளச் சொன்னேன்? இங்கதான் சொல்லணும்."

"அப்ப எங்கப்பன், எங்க தாத்தன், நீ, நானு, இத்தினி காலமா கும்பிட்டது?"

"எவனோ ஒரு ராஜாவ, மாமா."

அவர் பொங்கலைத் தொடாமல் செருப்பைத் தேடிக்கொண்டு போனார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மீதிப் பேர் வாழையிலையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். நாத்தனார் அழுதார். அத்தை அழவில்லை. காசை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். பாப்பா அவரைக் கண்டதும் தாவினாள், வாங்கிக்கொண்டார்.

"நான் சொல்லிட்டேன்" என்றார். "இப்ப வூட்டுக்கு வரியா?"

"வரேன் அத்தை" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

சத்தமாகச் சொன்னேன்.